வாசகர் கேள்விகள்: கிராப் சென்சார் கேமராவுக்கு எந்த பிரைம் லென்ஸ்?

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸும் உள்ளன. வீட்டுக்குள் மாலை நேரத்தில் என் ஒரு வயதுக் குழந்தையை எடுக்கும் படங்கள் மங்கலாகவும் புள்ளிபுள்ளியாகவும் வருகின்றன. எல்லோரும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: வாங்கலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் அறையின் நீளத்தை அளந்துவிடுங்கள். இது ஒரு பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாமல் ஒரே குவியத் தொலைவு (மி.மீ. எண்) கொண்டது. 50 மி.மீ. லென்ஸுக்கு வாய்த்த நற்பெயர் ஃபிலிம் காலத்திலிருந்து வருவது. 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் அது நெருக்கமும் இல்லாத விரிவும் இல்லாத, எதற்கும் உதவுகிற ஒரு பார்வையைத் தந்தது. உங்கள் கேமராவின் சென்சாரோ அந்த ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது; இதைத்தான் கிராப் சென்சார் என்கிறார்கள். அதில் இதே லென்ஸ் ஏறக்குறைய 80 மி.மீ. லென்ஸின் குறுகிய பார்வையைத்தான் தரும். மூன்று மீட்டர் தள்ளி நின்று கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால், சட்டத்துக்குள் அடங்குவது சுமார் நாலரை அடி அகலமும் மூன்றடி உயரமும் மட்டுமே. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கும் பாட்டியை முழுமையாக எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். அப்போதும் கால்கள் வெட்டுப்படலாம்.

ஆனால் நீங்கள் விரும்புவது குழந்தையின் முகம், பொம்மையைப் பிடித்திருக்கும் கைகள், தவழ்ந்து வரும்போது நிமிர்ந்து பார்க்கும் பார்வை என்றால், விலை குறைந்த லென்ஸ்களில் 50 மி.மீ.க்கு நிகரானது இல்லை. 55 மி.மீ.யில் உங்கள் கிட் லென்ஸின் (கேமராவுடன் வந்த லென்ஸ்) துளை எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எஃப் 1.8 அதைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேலான ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் ஒளி உணர்திறன்; அதைக் கூட்டினால் புள்ளிகளும் கூடும். இப்போது ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுக்கும் அதே படத்தை, எஃப் 2 வைத்தால் ஷட்டர் வேகத்தைக் குறைக்காமலேயே ஐஎஸ்ஓ 800இல் எடுத்துவிடலாம். நீங்கள் சொல்லும் புள்ளிகள் பெருமளவு மறைவதற்கு இதுவே போதும்.

அறை முழுவதும் படத்தில் வர வேண்டும் என்பவர்களுக்குக் கேனானின் ஈஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் இருக்கிறது. 2014இல் வந்த இந்தத் தட்டையான சிறு லென்ஸின் எடை 125 கிராம்தான். அதே மூன்று மீட்டர் தூரத்தில் ஒன்பதடி அகலம் இதில் அடங்கும்; 16 செ.மீ. வரை நெருங்கியும் குவிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த லென்ஸ் இது. என்றாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: 24 மி.மீ.யில் உங்கள் கிட் லென்ஸே எஃப் 4 அளவுக்குத் திறக்கும் என்பதால், இந்த லென்ஸால் கிடைக்கும் கூடுதல் ஒளி இரண்டு மடங்குதான். உங்கள் குறை முழுவதும் வெளிச்சம் பற்றியது என்றால், இதை வாங்கிய பிறகும் அது பாதிதான் தீரும்.

எனவே இரண்டு நாள் பொறுங்கள். முதலில், இதுவரை எடுத்தவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த படங்களைக் கணினியில் திறந்து, அவற்றின் விவரப் பகுதியில் குவியத் தொலைவு எவ்வளவு என்று பாருங்கள். பிறகு கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 55 என்ற கோட்டுக்குச் சற்று முன்னால் வைத்து, நகராதபடி ஒரு டேப்பை ஒட்டி, ஒரு மாலை முழுவதும் அப்படியே எடுங்கள். மறுநாள் 24இல் வைத்து எடுங்கள். எந்த நாளில் இடம் போதவில்லை என்று தவித்தீர்களோ அந்த லென்ஸ் உங்களுக்கானது அன்று. கடைக்காரரோ நானோ சொல்வதைவிட இந்தச் சோதனையை நம்பலாம்.

கேள்வி: நிக்கான் டி5600 வைத்திருக்கிறேன். பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. உங்கள் கேமராவில் பொருந்தும் என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார்.
வாசகர், திருநெல்வேலி

பதில்: பொருந்தும் என்பது உண்மைதான், ஆனால் ஆட்டோஃபோகஸ் (தானாகக் குவிக்கும் வசதி) வேலை செய்யாது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவின் உடலில் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி90, டி7000, டி7200, டி7500 போன்ற கேமராக்களில் அந்த மோட்டார் உண்டு. டி3500, டி5600 வரிசைகளில் இல்லை. நகராத பொருள்களைக் கையால் குவித்து எடுப்பதில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் வாங்கலாம். மனிதர்களை எடுக்க வேண்டுமென்றால் வேண்டாம்.

உங்கள் கேமராவுக்கு நான் தயக்கமின்றிச் சொல்லக்கூடியது, நிக்கான் 2009இல் கிராப் சென்சாருக்கென்றே வெளியிட்ட ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி. அதன் பார்வை ஏறக்குறைய 52 மி.மீ.க்குச் சமம். ஃபிலிம் கேமராவில் 50 மி.மீ. செய்த வேலையை டி5600இல் செய்வது இதுதான். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எடை 200 கிராம். வாங்கும்போது லென்ஸின் மேல் ‘டிஎக்ஸ்’ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். இதே 35 மி.மீ., இதே எஃப் 1.8 அளவில் ஃபிலிம் சட்டத்தின் அளவுக்குச் சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கான லென்ஸ் ஒன்றும் உண்டு. அதன் விலை பல மடங்கு அதிகம். உங்களுக்கு அது தேவையில்லை.

கேள்வி: நிக்கான் கிராப் சென்சார் கேமராவில் ஒரு லென்ஸின் பார்வையை அறிய, அதன் குவியத் தொலைவை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். டிஎக்ஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸுக்கும் அப்படிப் பெருக்க வேண்டுமா?
வாசகர், ஈரோடு

பதில்: ஆம். லென்ஸின் மேல் அச்சிடப்பட்டிருப்பது அதன் உண்மையான குவியத் தொலைவு. எந்தக் கேமராவுக்காகச் செய்யப்பட்டிருந்தாலும் அந்த எண் மாறாது. ஃபுல் ஃபிரேம் கேமராவோடு ஒப்பிட விரும்பினால் மட்டும் பெருக்குங்கள். ஒப்பிடத் தேவையில்லாதவர் இந்தக் கணக்கை மறந்துவிடலாம்.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கடலோர ஊரில் இருக்கிறீர்கள், முதலில் பூஞ்சையைப் பாருங்கள். இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, லென்ஸை மெல்லச் சாய்த்துச் சாய்த்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். ஒன்றிரண்டு தூசிகளால் படத்துக்குக் கேடு இல்லை. கண்ணாடியின் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கிளைவிடும் மெல்லிய வெண்ணிற நூல் போன்ற கோடுகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து லென்ஸைக் கேமராவில் பொருத்தி, எஃப் 8, இரண்டு விநாடி ஷட்டர் என்று வைத்து அழுத்திவிட்டு, முன்னாலிருந்து பாருங்கள். துளையின் இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். அவற்றின் மேல் எண்ணெய்ப் பசை மின்னக் கூடாது.

கேனான் 50 மி.மீ. எஃப் 1.8இல் பழைய இரண்டாம் பதிப்பையும் 2015இல் வந்த எஸ்டிஎம் பதிப்பையும் ஒன்றாகவே பேசி விற்பதுண்டு. கேமராவில் மாட்டும் வளையம் பிளாஸ்டிக்காக இருந்தால் அது பழையது. எஸ்டிஎம்மில் அது உலோகம். பழையதில் 45 செ.மீ.க்குக் குறைவாக நெருங்க முடியாது. புதியதில் 35 செ.மீ. வரை நெருங்கலாம். விலை வித்தியாசம் சிறிதென்றால் புதியதையே வாங்குங்கள். வாங்கிய லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.

கேள்வி: 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கிவிட்டேன். ஆனால் கிட் லென்ஸைவிடப் படங்கள் கூர்மை குறைந்து வருகின்றன. லென்ஸில் பழுதா?
வாசகர், சேலம்

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால், முன்பின்னாகச் சேர்த்துச் சுமார் ஆறு செ.மீ. ஆழத்துக்குள் இருப்பது மட்டுமே தெளிவாக விழும். கேமரா தானாக மூக்கைத் தேர்ந்தெடுத்துக் குவித்தால் கண்கள் மங்கிவிடும். ஆகவே குவியப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கேமராவிடம் விடாமல், ஒற்றைப் புள்ளியை நீங்களே அருகிலிருக்கும் கண்ணின் மேல் வையுங்கள். எஃப் 2.8க்கு வந்தால் அந்த ஆழம் பத்து செ.மீ. அளவுக்குக் கூடும்; லென்ஸின் கூர்மையும் உயரும். இன்னொன்று: பல கிட் லென்ஸ்களில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு உண்டு, இந்த லென்ஸில் இல்லை. அமர்ந்திருப்பவரை எடுக்க விநாடியில் 125இல் ஒரு பங்கு, ஓடும் குழந்தையை எடுக்க 250இல் ஒரு பங்கு என்ற ஷட்டர் வேகத்துக்குக் கீழே இறங்காதீர்கள். இவ்வளவும் செய்து, கேமராவை முக்காலியில் வைத்து, நகராத ஒரு செய்தித்தாளை எஃப் 4இல் எடுத்துப் பார்த்தும் எழுத்துகள் மங்கலாகவே வந்தால், பில்லுடன் கடைக்குச் சென்று மாற்றித் தரக் கேளுங்கள்.