ஸ்பொன்சர் கோப்பு நகரவில்லை, குழந்தை வரப்போகிறது: என்ன செய்வது?

கேள்வி: என் கணவர் ரொறன்ரோவில் நிரந்தர வதிவிட உரிமையுடன் இருக்கிறார். எங்களுக்கு முதலில் பதிவு நடந்தது. சில மாதங்கள் கழித்துத் தாலி. என்னைக் கனடாவுக்கு அழைக்க ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டு 17 மாதங்களாகின்றன. மருத்துவப் பரிசோதனை செய்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. இப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. இதை அறிவித்தால் கோப்பு இன்னும் பிந்தும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். தாமதம் பற்றி விசாரித்தால் பாதிப்பு வருமா? கணவர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து இருக்கலாமா? கோப்பை நகர்த்தித் தருவதாக ஒரு முகவர் பெருந்தொகை கேட்கிறார். (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முதலில் குழந்தை. உறவினர்கள் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள், ஆனால் இந்த ஆலோசனை ஆபத்தானது. நீங்கள் கனடாவில் கால் வைக்கும் நாள் வரை குடும்பத்தில் ஏற்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் தெரிவிக்கும் கடமை உங்களுக்கு உண்டு. அறிவிக்காமல், பரிசோதனைக்கு உட்படுத்தாமல் விட்ட பிள்ளையை நீங்கள் பின்னர் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்வதை கனடியக் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117ஆம் விதி தடுக்கிறது. அந்தத் தடை உங்களுக்கு. ஆகவே கணவர்தான் அந்தப் பிள்ளைக்காகப் புதிய விண்ணப்பம் போட்டு வரிசையின் கடைசியில் நிற்கவேண்டும். உண்மையை மறைத்ததாக முடிவானால் 5 வருடத் தடை வேறு. விசா கையில் வந்த பிறகு குழந்தை பிறந்தாலும் பயணத்தை நிறுத்திவைத்து, அறிவித்த பிறகே விமானம் ஏறவேண்டும்.

ஆகவே கர்ப்பத்தை இப்போதே கனடியக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் படிவத்தில் அறிவியுங்கள். பிறந்ததும் தாமதிக்காமல் பதிவு செய்து, பிறப்புச் சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அனுப்பிப் பிள்ளையை விண்ணப்பத்தில் சேர்க்கவேண்டும். பிள்ளைக்கும் கடவுச்சீட்டும் மருத்துவப் பரிசோதனையும் தேவைப்படும். இதனால் சில மாதங்கள் கூடலாம். அதை ஏற்றுக்கொள்ளுங்கள், வேறு நல்ல வழி இல்லை.

இதில் ஒரு விடயத்தைக் கணவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறாரா? குழந்தை பிறப்பதற்கு முன் அவர் சத்தியப்பிரமாணம் எடுத்துக் கனடியக் குடிமகனாகிவிட்டால், கொழும்பில் பிறந்தாலும் குழந்தை வம்சாவழியாகக் கனடியக் குடியுரிமை பெறும். அப்போது பிள்ளைக்கு வேண்டியது விசா அல்ல, குடியுரிமைச் சான்றிதழ். பிறந்த பிறகு அவர் குடிமகனானால் இந்தச் சலுகை கிடையாது.

மருத்துவப் பரிசோதனை பொதுவாக 12 மாதங்களுக்கே செல்லும். காலாவதியாகிவிட்டதே என்று நீங்களாக ஓடிப்போய்ப் பணம் கட்டாதீர்கள். புதிய அறிவுறுத்தல் கடிதம் வரும்வரை பொறுங்கள். வந்தால், கர்ப்பமாக இருப்பதை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பின் எடுக்க ஒத்திவைக்க முடியும்.

விசாரிப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. வாழ்க்கைத்துணை விண்ணப்பங்களுக்கு 12 மாத இலக்கை அறிவித்ததே கனடிய அரசுதான், 2016 டிசம்பரில். 17 மாதத்தில் கேள்வி கேட்பது உங்கள் உரிமை. ஆனால் ‘என் கோப்பு என்னவாயிற்று’ என்று பொதுவாகக் கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான் பதிலாக வரும். அதைவிட, உங்கள் எழுத்துமூலச் சம்மதத்துடன் கணவர் கனடாவின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஜிசிஎம்எஸ் குறிப்புகளை, அதாவது அதிகாரிகள் உங்கள் கோப்பு பற்றிக் கணினியில் பதிந்த குறிப்புகளை, கேட்கட்டும். கட்டணம் 5 டொலர், சட்டப்படியான காலக்கெடு 30 நாள். தகுதி, மருத்துவம், குற்றப் பின்னணி, பாதுகாப்பு என்று ஒவ்வொன்றும் எந்த நிலையில் நிற்கிறது என்பது அதில் தெரியும்.

நம்மவர்களின் கோப்புகள் சிக்கும் இடம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, பின்னணிப் படிவத்தில் விட்ட இடைவெளி. உயர்தரப் பரீட்சை முடித்து வீட்டில் இருந்த எட்டு மாதங்களை ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள். அதிகாரிக்கு அது விடுபட்ட எட்டு மாதங்கள். வீட்டில் இருந்ததையும் எழுதத்தான் வேண்டும். இன்னொன்று, உங்களுடையதைப் போன்ற பதிவும் தாலியும். பதிவுப் படத்தில் ஒரு மேசை, பதிவாளர், இரண்டு சாட்சிகள், கழுத்தில் தாலி இல்லை. மணமக்கள் அன்றிரவே அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நமக்கு இது சாதாரணம். வெளியாள் பார்த்தால் விசாவுக்காக நடந்த திருமணம் என்ற சந்தேகம் எழலாம். பதிவு ஏன் முந்தியது, எந்தக் கோவிலில் எப்போது தாலி கட்டினார், அதன் பின் எங்கே ஒன்றாக இருந்தீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, கோவில் படங்களுடன் அனுப்புங்கள்.

குறிப்புகளில் பாதுகாப்புச் சோதனை மட்டும் நிலுவையில் இருந்தால், கணவர் தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தை நாடலாம். சம்மதப் படிவம் கொடுத்தால் கட்டணமின்றி விசாரிப்பார்கள். நியாயமற்ற தாமதத்துக்குச் சமஷ்டி நீதிமன்றத்தில் கட்டளை கேட்கும் வழியும் உண்டு. குறிப்புகளைப் பார்க்காமல் அந்தச் செலவில் இறங்கவேண்டாம் என்பதே என் கருத்து.

கணவர் வேலையை விட்டு இங்கே வந்து குடியிருக்கக்கூடாது. குடிமகனாக இல்லாதவர் கனடாவில் வசித்துக்கொண்டேதான் ஸ்பொன்சர் செய்யமுடியும். அந்த வசிப்பு முறிந்தால் 17 மாதக் காத்திருப்பும் வீண். பிரசவத்துக்கு விடுமுறை எடுத்து வந்து சில வாரங்கள் நிற்கட்டும். வேலையும் வீடும் அங்கே தொடர்வதற்கான சான்றுகளைப் பத்திரப்படுத்தட்டும். உங்களுக்கும் அதையே சொல்வேன்: வேலையை விடாதீர்கள், பிரசவ விடுமுறையை எடுங்கள்.

முகவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொழும்பிலோ ஒட்டாவாவிலோ பணம் வாங்கிக் கோப்பை நகர்த்தக்கூடியவர் எவரும் இல்லை. கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லப் பொதுவாகக் கனடிய வழக்கறிஞராகவோ, குடிவரவு ஆலோசகர்களுக்கு அனுமதி வழங்கும் அமைப்பான குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் அனுமதி பெற்றவராகவோ இருக்கவேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்கலாம். கர்ப்பிணி ஒருவரின் பதற்றத்தை விலைபேசுகிறவர்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசியாக, உங்கள் கடவுச்சீட்டின் காலாவதித் திகதியைப் பாருங்கள். குடியேறும் விசாவின் காலம் அதைத் தாண்டாது. முடியும் தறுவாயில் இருந்தால் பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் இப்போதே புதுப்பித்து, புதிய இலக்கத்தை அதே இணையப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள்.