பத்து நாளில் மார்மன் வரலாற்றுப் பயணம்: எதை விடுவது, எங்கே தங்குவது?

கேள்வி: நாங்கள் எட்டு நண்பர்கள், அமெரிக்காவில் ஓஹியோவின் கொலம்பஸில் இருக்கிறோம். ஐந்து பேர் மார்மன்கள், அதாவது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையினர். நான் உட்பட மூன்று பேர் அப்படி இல்லை. ஜூலையில் பத்து நாள் விடுப்பு எடுத்து, வெர்மான்ட்டில் தொடங்கி சால்ட் லேக் சிட்டி வரை அவர்களுடைய வரலாற்று இடங்களை எல்லாம் காரிலேயே பார்த்துவிடலாம் என்கிறார்கள். முடியுமா? கோயில்களுக்குள் எங்களை விடுவார்களா? மதம் மாறச் சொல்வார்களா?

பதில்: ஓட்டிவிட முடியும், பார்க்க முடியாது. வெர்மான்ட்டின் ஷேரனிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்குக் கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர். கொலம்பஸிலிருந்து ஷேரனுக்குப் போவதும், கடைசியில் வீடு திரும்புவதும் தனி. விடுப்பில் பாதி நெடுஞ்சாலையிலேயே கழியும்.

இரண்டு முனைகளையும் வெட்டிவிடுங்கள். ஷேரன், இந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1805இல் பிறந்த இடம். 38½ வயதில் கொல்லப்பட்டவர் என்பதால் வயதுக்கு ஓர் அடி என்ற கணக்கில் அங்கே 38½ அடிக் கருங்கல் தூண் நிற்கிறது. நல்ல இடம்தான், ஆனால் அதற்காக ஒன்றரை நாள் கொடுக்க முடியாது. சால்ட் லேக் கோயிலில் 2019 கடைசியிலிருந்து புதுப்பிப்பு வேலை. 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பொதுமக்களும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று சபை அறிவித்திருக்கிறது. உங்கள் மூன்று பேருக்கும் அதுதான் வாய்ப்பு. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி இருப்பதை இரண்டு சுற்றாகப் பிரிக்கலாம். நடுவில் ஒரு ராத்திரி சொந்த வீட்டில் தூங்கி, துணி துவைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் போகும் பயணத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

முதல் நான்கு நாள் கிழக்கே. நேராக நியூயார்க் மாநிலத்தின் பல்மைரா, இரண்டு இரவு. ஸ்மித் குடும்பப் பண்ணை, அதற்குப் பக்கத்தில் 'புனிதத் தோப்பு'. 1820இல் ஜோசப் இங்கே தரிசனம் கண்டார் என்பது இவர்கள் நம்பிக்கை. எந்த மரத்தடி என்று யாருக்கும் தெரியாது, அடையாளப் பலகையும் தேடாதீர்கள். அவரவர் ஒரு பாதையில் தனியாகப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சேர்ந்துகொள்வதுதான் வழக்கம். ஊருக்குள் கிராண்டின் அச்சகத்தை விட்டுவிடாதீர்கள். இவர்களுடைய வேதமான மார்மன் நூலின் முதல் பதிப்பு 1830இல் இங்கேதான் அச்சானது: 5,000 பிரதி, 3,000 டாலர். அந்தப் பணத்துக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் நிலத்தையே அடமானம் வைத்தார். புத்தகம் எதிர்பார்த்தபடி விற்கவில்லை, நிலம் கைவிட்டுப் போனது. (பெட்ரோல் செலவை யார் போடுவது என்று சண்டை வந்தால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.) சபை முறைப்படி தொடங்கப்பட்ட ஃபயட், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள்.

திரும்பும் வழியில் கர்ட்லாண்ட், சுமார் நான்கு மணி நேரம். நயாகரா வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் அது பெரிய சுற்றும் இல்லை. இவர்கள் கட்டிய முதல் கோயில் கர்ட்லாண்டில் இருக்கிறது, 1836இல் திறந்தது. பல தலைமுறையாக 'கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட்' என்ற கிளைச் சபையின் கையில் இருந்து, 2024 மார்ச்சில் உங்கள் நண்பர்களின் சால்ட் லேக் சபைக்கு விற்கப்பட்டது. இது இப்போது வரலாற்றுச் சின்னம், எல்லோரும் உள்ளே போகலாம். அருகே நியூவல் விட்னி கடையின் மாடி அறையையும் பாருங்கள். ஆண்கள் அங்கே கூடிப் படித்தார்கள், புகைத்தார்கள், புகையிலை மென்று தரையில் துப்பினார்கள். அதைத் துடைத்து அலுத்துப்போனவர் ஸ்மித்தின் மனைவி எம்மா. புகையிலை, மது, காபி வேண்டாம் என்று 1833 பிப்ரவரியில் வந்த உணவுக் கட்டளைக்கு இதுவே தூண்டுதல் என்கிறார்கள். உங்கள் நண்பர்கள் காபி குடிக்காததன் கதை இந்த அறையில் தொடங்குகிறது. உங்களுக்குக் காலையில் காபி வேண்டுமென்றால் விடுதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள், பார்வையாளர் மையங்களில் கிடைக்காது.

இரண்டாவது சுற்றில் பெரும்பாலோர் முதலில் இலினாய்ஸ் மாநிலத்தின் நாவூவுக்குப் போகிறார்கள். நான் மிசூரியை முதலில் வைப்பேன், ஏனென்றால் நடந்த வரிசை அது. ஒரு நாள் முழுக்க ஓட்டினால் இண்டிபெண்டன்ஸ். அங்கே கோயிலுக்கென்று குறித்த நிலம் இதே வழியில் வந்த ஒரு சின்னச் சபையின் கையில் வெறும் புல்வெளியாகக் கிடக்கிறது. சுற்றிலும் மேலே சொன்ன இரண்டு சபைகளின் கட்டடங்கள். பங்காளிச் சண்டை பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கம் தேவைப்படாது. அலுத்துப்போனவர்கள் அதே ஊரில் அதிபர் ட்ரூமனின் வீட்டைப் பார்க்கலாம். பக்கத்து லிபர்ட்டியில், 1838–39 குளிர்காலத்தில் ஸ்மித்தை அடைத்த சிறையைத் திரும்பக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஃபார் வெஸ்ட், ஹான்ஸ் மில் இரண்டும் பெரும்பாலும் வயல்வெளி. கதை தெரியாதவருக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை, விடலாம்.

அப்புறம் குவின்ஸி வழியாக நாவூ. மிசூரியிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்த ஊர் குவின்ஸி. நாவூவில் மூன்று இரவு தங்குங்கள். கொல்லன் பட்டறை, செங்கல் சூளை, மாட்டு வண்டிச் சவாரி எல்லாம் இலவசம். ஜூலையில் மாலை வேளையில் திறந்தவெளி நாடகமும் உண்டு. அதனாலேயே அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், சின்ன ஊர். சாப்பாட்டுக் கடைகளும் குறைவு, சைவம் என்றால் மளிகை வாங்கிக்கொண்டு போவது நல்லது.

இனி கோயில். பல்மைராவிலும் நாவூவிலும் இருப்பவை வழிபாடு நடக்கும் கோயில்கள். சபையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது, வளாகத்தில் நடக்கலாம். ஞாயிறு மூடியிருக்கும். உறுப்பினர்களிலும் எல்லோரிடமும் அந்தச் சீட்டு இருக்கும் என்றில்லை. ஐந்து பேரில் ஒருவர் உங்களோடு வெளியே நின்றுவிட்டால் காரணம் கேட்காதீர்கள். அவர்கள் உள்ளே இருக்கும் நேரத்துக்கு உங்களுக்கென்று ஒரு வேலையை முன்பே போட்டுவையுங்கள். இதற்காகவே ஒரு பெரிய வேனுக்குப் பதில் இரண்டு கார் எடுக்கச் சொல்கிறேன்.

மத மாற்றம்? வழிகாட்டிகள் சம்பளமில்லாத ஊழியர்கள், முடிக்கும்போது தங்கள் நம்பிக்கையைச் சொல்வார்கள். மேலும் தெரிந்துகொள்ள விருப்பமா என்றும் கேட்கலாம். "இல்லைங்க, நன்றி" என்றால் போதும். டிப்ஸ் கொடுக்க வேண்டாம். 2018 முதல் 'மார்மன்' என்ற சொல்லைச் சபைத் தலைமை விரும்புவதில்லை, நண்பர்களிடம் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் வீடு திரும்பும் வழியில் கார்த்தேஜ் சிறை. மாடி அறையின் மரக்கதவில் குண்டு துளைத்த ஓட்டை அப்படியே இருக்கிறது. 1844 ஜூன் 27இல் அண்ணன் ஹைரம் அந்த அறையில் விழுந்தார், ஜோசப் ஜன்னல் வழியாகக் கீழே விழுந்து இறந்தார். சின்ன அறை, எட்டுப் பேர் நின்றாலே நிறைந்துவிடும். உங்கள் நண்பர்கள் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். நீங்கள் முதலில் இறங்கி வந்து காரில் ஏசி போட்டுவையுங்கள். அங்கிருந்து கொலம்பஸுக்கு இன்னும் எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும்.