வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாபரைச் சமர்கந்திலிருந்து துரத்திய உஸ்பெக் தலைவர் யார்? அத்தனை வலிமை உள்ளவர் எப்படி வீழ்ந்தார்?

பதில்: முகமது ஷைபானி கான். பின்னாளில் புகாராவைத் தலைநகராகக் கொண்ட உஸ்பெக் கான் அரசுக்கு அடித்தளம் இட்டவர் இவரே. இவர் காலத்தில் தலைநகரம் சமர்கந்த்தான்.

1501-இல் சர்-இ-புல் போரில் உஸ்பெக் குதிரைப்படை பக்கவாட்டில் சுற்றி வளைத்துப் பின்னால் தாக்கியது. தோற்ற பாபர் சமர்கந்த் கோட்டைக்குள் அடைபட்டார். ஷைபானி மதிலை உடைக்க அவசரப்படவில்லை. தானியம் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவே. ஏழைகள் நாய், கழுதை இறைச்சி தின்றார்கள். குதிரைகளுக்கு முசுக்கொட்டை இலை. காய்ந்த மரச் சீவல்களைத் தண்ணீரில் ஊறவைத்தும் கொடுத்தார்கள். கடைசியில் பாபர் இரவோடு இரவாக வெளியேறினார். அவருடைய அக்கா கான்சாதா பேகம் ஷைபானிக்கு மனைவியாக நேர்ந்தது. 1507-இல் ஹெராத்தும் (இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள நகரம்) ஷைபானியிடம் விழுந்தது.

முற்றுகையில் இவ்வளவு பொறுமை காட்டியவர், 1510 டிசம்பரில் மெர்வ் (இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள நகரம்) அருகே அதைக் கைவிட்டதுதான் வினோதம். பாரசீக ஷா இஸ்மாயில் பின்வாங்குவதுபோல் போக்குக் காட்ட, துணைப்படைகள் வந்து சேருமுன்பே கோட்டையை விட்டு வெளியே வந்து துரத்தினார், சிக்கி மாண்டார். அவரது மண்டையோட்டுக்குப் பொன் பூசி இஸ்மாயில் மதுக்கிண்ணமாக்கினார். ஆனால் அரசு அழியவில்லை: இடையில் பாபர் கைப்பற்றியிருந்த சமர்கந்தை, 1512-இல் ஷைபானியின் உறவினர்கள், முக்கியமாக அவருடைய தம்பி மகன் உபைதுல்லா, மீட்டார்கள்.