டம்பெல் வீட்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பார்க் பக்கம் தினமும் காலை ஐந்தரைக்கு நடக்கப் போகிறேன். ஒரு வாரமாக பைக்கில் இரண்டு பேர் மெதுவாகப் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். வீட்டில் 2 கிலோ டம்பெல், ஸ்கிப்பிங் கயிறு, உடற்பயிற்சி ரப்பர் பேண்ட், மலையேற்றத் தடி, ஸ்டீல் தண்ணீர் பாட்டில் இருக்கின்றன. எதைக் கொண்டுபோகலாம்? 3,500 ரூபாய்க்குத் ‘தற்காப்பு கிட்’டும் ஒரு நாள் வகுப்பும் தருவதாக ஒருவர் சொல்கிறார். சேரலாமா?

பதில்: முதலில் அந்த 3,500 ரூபாயைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நாளில் கை பழகாது. கிட்டில் வருவது பெரும்பாலும் கூர்முனை வைத்த சாவிக்கொத்தும் மடக்கு இரும்புத் தடியும்தான். நாளை ஏதாவது நடந்தால் ‘இதை ஏன் வைத்திருந்தாய்’ என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார். சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்பவர்களும் உண்டு, அதைக் காட்டினால் எவன் ஓடுவான்?

டம்பெல்லை வீசினால் கை அதன் பின்னாலேயே போய்விடும். திரும்ப இழுப்பதற்குள் எதிராளி நெருங்கிவிடுவான். கயிற்றை அவன் பிடித்து இழுத்தால், கையில் சுற்றியிருக்கும் நீங்களும் சேர்ந்து போவீர்கள். ரப்பர் பேண்ட் உங்கள் கண்ணிலேயே அடிக்கும். 750 மில்லி பாட்டில் நிரம்பினால் ஒரு கிலோ வரும், அது பரவாயில்லை. ஆனால் மூடி வளையத்தில் பிடிக்காதீர்கள், பிய்ந்துவிடும். பாட்டிலின் கழுத்தைப் பிடியுங்கள். எதுவானாலும் கையில் இருக்க வேண்டும். ஜிப் போட்ட பைக்குள் கிடப்பது உதவாது.

என் தேர்வு மலையேற்றத் தடி. இன்றே ஒரு சோதனை செய்யுங்கள்: தடியைத் தரையில் ஊன்றி, உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அதை நம்பக் கூடாது. திருகிப் பூட்டும் வகையில் இது அடிக்கடி நடக்கும். கிளிப் வகையானால் அதன் திருகாணியை இறுக்குங்கள். கைவாரை மணிக்கட்டில் மாட்டாதீர்கள். ஒரு கை பிடியில், இன்னொரு கை ஒரு முழம் முன்னால், நுனி அவன் நெஞ்சுக்கு நேராக. ரப்பர் தொப்பி நுனியிலேயே இருக்கட்டும். சுழற்றி அடிக்காதீர்கள்: அலுமினியம் வளையும், கார்பன் முறியும். நெருங்கினால் ஒரே தள்ளு, பிறகு வெளிச்சமும் ஆளும் இருக்கும் பக்கம் நடையைக் கட்டுங்கள்.

இதற்கும் முன்னால் ஒரு வேலை. சாலையின் வலப்பக்கம் நடந்தால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும். பைக் பக்கத்தில் வந்து மெதுவானால் அது வந்த திசையிலேயே திரும்பி நடங்கள். குறுகிய மலைச்சாலையில் வண்டியைத் திருப்ப நேரம் பிடிக்கும். மூடுபனியில் டார்ச்சை முகத்துக்கு நேரே தூக்கினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இடுப்பளவில் தாழ்த்திப் பிடியுங்கள்.

‘என்னோடு பேசாதீர்கள்’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு, அதாவது பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தரும் குற்றம், வரும். போலீஸில் புகார் கொடுத்தால், புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் திணித்து, ‘அந்த நேரத்தில் ஏன்மா நடக்கிறீங்க’ என்பார்கள். எழுத்தில் கொடுங்கள், வண்டி எண்ணைச் சேருங்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், அது இலவசம். தெருவிளக்கு எரியாததற்கும் நம்மைத்தான் கேள்வி கேட்கிறார்கள்! 112-ஐ அழைத்தால் ‘குன்னூர்’ என்று மட்டும் சொன்னால் போதாது. தெரு, பக்கத்துக் கடை, பங்களா பெயர் என்று சொல்லுங்கள். அடிப்பதும் தேவைக்கு மேல் போகக் கூடாது. அவன் ஓடிய பின் விழும் அடி தற்காப்பு ஆகாது.

சொன்னதெல்லாம் மனிதனுக்கு. குன்னூர்ச் சாலையில் எதிர்ப்படும் காட்டெருமைக்கு எதுவும் பொருந்தாது. திரும்பவும் சொல்கிறேன், எதுவும். தடியை உயர்த்தாதீர்கள், விசில் ஊதாதீர்கள், டார்ச்சைக் கண்ணில் அடிக்காதீர்கள், போட்டோவுக்கு நிற்காதீர்கள். அமைதியாகத் தேயிலையில் மேயும் மாடு, வழி அடைபட்டால் முட்டும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகவே கூடாது. அது போக வழி விட்டு, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கி, சுவருக்கோ நிற்கும் காருக்கோ பின்னால் போங்கள். தேயிலைக்குள் இறங்காதீர்கள், வேறு மாடுகள் படுத்திருக்கலாம். அது சாலையை விட்டுப் போகும்வரை காத்திருங்கள். அரை மணி நேரம் ஆனால் அன்றைய நடை அவ்வளவுதான், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.