பூ ஒவ்வாமை இருந்தால் கல்யாண மாலைக்கு எந்தப் பூ சரி?

ஆபத்தில்லாத மகரந்தத்தையோ பூச்சாற்றையோ உடம்பு எதிரியென நினைத்துத் தாக்குவதுதான் பூ ஒவ்வாமை. தும்மல், கண் அரிப்பு, தோல் தடிப்பு எல்லாம் அந்தத் தாக்குதலின் விளைவு.

எல்லாப் பூவும் ஒன்றல்ல. காற்றில் பரவும் மகரந்தம் மாவு மில்லில் பறக்கும் மாவு போல மூக்கில் ஏறும். வண்டு, தேனீ சுமக்கும் மகரந்தம் பிசைந்த மாவு போல, ஒட்டிய இடத்திலேயே இருக்கும். மாலையில் வரும் பூக்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அடுக்கு ரோஜாவில் மகரந்தத்தாள்கள் பலவும் இதழாக மாறியிருப்பதால் மகரந்தம் இன்னும் குறைவு. ஆர்க்கிட்டில் அது கட்டியாக இருப்பதால் பறக்காது. என் தேர்வு இந்த இரண்டும்தான்.

நான் அதிகம் கவலைப்படுவது சாமந்தியைப் பற்றித்தான். சாமந்தி, துலுக்கசாமந்தி, மரிக்கொழுந்து மூன்றும் பார்த்தீனியச் செடியின் குடும்பம். பார்த்தீனியம் பட்டால் அரிக்கும் தோலுக்கு இவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மாலையோ கழுத்திலேயே மணிக்கணக்கில் கிடக்கும்! அதனால் பூக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடமும் கேளுங்கள். மண்டபத்தில் மருந்து கையிலேயே இருக்கட்டும்.

அப்புறம், வாசம் இல்லாத பூ என்றால் ஒவ்வாமை வராது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. மல்லிகை, சம்பங்கியின் வாசம் சிலருக்கு மூக்கை உறுத்தும், தலைவலி தரும். ஆனால் ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் மகரந்தமும் சாறும்தான், அவை வாசமில்லாத பூவிலும் உண்டு.