ரியூசன், சிஃப்ட் என்று ஓடுகிற வீட்டில் செபமாலையும் ஒருசந்தியும் (தவக்கால உபவாசமும்) தவறாமல் நடக்க என்ன வழி?

கேட்டிருப்பது இவ்வளவுதான்: திருகோணமலையில் கத்தோலிக்கக் குடும்பம், தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனன்று எல்லாம் ஒழுங்காகத் தொடங்குகிறது, மூன்றாம் கிழமையோடு விட்டுப்போகிறது. வீட்டில் ஒருவருக்குத் துறைமுகத்திலோ சீனன்குடாப் பக்கமோ சிஃப்ட் வேலை, படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் குருவானவர் இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்க வேண்டியதை அங்கேதான் கேட்க வேண்டும். "இதெல்லாம் வெறும் சட்டம், மனசுதான் முக்கியம்" என்று யாராவது எழுத வருவார்கள் என்பதும் தெரியும். மனசு முக்கியம்தான். ஆனால் நேரம் குறிக்காத செபம் ஒரு வீட்டிலும் நிலைக்காது.

விட்டுப்போவதற்குப் பக்திக்குறைவைக் காரணம் சொல்லாதீர்கள். அளவுதான் பிழை. முதல் நாளே செபமாலையின் ஐந்து பத்துமணி (பத்து மணி கொண்ட பகுதி), மன்றாட்டுமாலை, ஒரு பாட்டு, வேதாகம வாசிப்பு என்று முக்கால் மணித்தியாலம் வைத்தால் எந்தப் பிள்ளை இருக்கும்? ஒரு பத்துமணியோடு தொடங்குங்கள். ஒரு பரலோக மந்திரம், பத்து அருள்நிறை, ஒரு திரித்துவப் புகழ். நிதானமாகச் சொன்னாலும் நான்கு நிமிடம் போதும். ஒரு மாதம் தடையில்லாமல் போனபிறகு இரண்டாக்கலாம். ஐந்தும் சொன்னால் இருபது நிமிடம் வரும். பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிறது என்றால் ஓட்டம் பிடிக்கிறீர்கள். தலைமை சொல்பவர், மற்றவர்கள் "ஆமென்" சொல்லி முடிக்க முன்னரே அடுத்த அருள்நிறையைத் தொடங்குவதுதான் வழக்கமான பிழை. அதனால்தான் தலைமையைச் சுற்றுக்கு விடவேண்டும். வாசிக்கத் தெரிந்த சின்னப்பிள்ளை தேவ இரகசியத்தை (அந்தப் பத்துமணியில் தியானிக்கிற நிகழ்வை) அறிவித்தாலே வேகம் தானாகக் குறையும். எந்த நாளுக்கு எது என்று குழம்பவேண்டாம்: திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் தேவ இரகசியங்களை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் 2002 இல்தான் சேர்த்தார். அம்மம்மாவின் பழைய செபப் புத்தகத்தில் அது இல்லையென்றால் புத்தகம் பிழையில்லை.

நேரம் இரவு ஏழு மணியாகத்தான் இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. கடலுக்குப் போகிற வீடுகளில் பின்னேரமே ஆள் கிளம்பிவிடும். இரவுச் சிஃப்ட் வீட்டிலும் அப்படித்தான். வெளிக்கிடுகிறவர் வீட்டில் நிற்கும்போதே, தேத்தண்ணி குடித்த கையோடு, ஒரு பத்துமணி. அவர் இல்லாத நாளில் மிச்சப்பேர் அதே நேரத்தில் சொல்லுங்கள், நேரத்தை மாற்றாதீர்கள். சிஃப்டுக்கு ஏற்ப நேரத்தை நகர்த்திக்கொண்டே போகிற வீட்டில் இரண்டு கிழமையில் ஒருவருக்கும் நேரம் ஞாபகம் இருக்காது.

மெழுகுதிரி விஷயத்தில் ஒரு சொல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்துவைத்தால் திரி நிற்காது, பூட்டினால் புழுக்கத்தில் பிள்ளைகள் நெளிவார்கள். தடித்த கண்ணாடிக் கிளாசில் இரண்டு விரல் உயரத்துக்குக் கடற்கரை மணல் போட்டு அதில் திரியை ஊன்றுங்கள். மணல் இல்லாமல் வைத்தால் திரி அடிவரை எரிந்ததும் சூட்டில் கிளாஸ் வெடிக்கும். சுரூபத்துக்குப் பின்னால் திரைச்சீலை தொங்கவிடுவதும், பிளாஸ்டிக் மாலை போடுவதும் வேண்டாம்.

செபமாலை அறுந்தால் லாச்சிக்குள் போட்டு வைக்கிற வழக்கமும் உண்டு. அறுந்ததோடு செபமும் நிற்கும். பருத்தி நூல் கைவியர்வையில் உக்கிவிடும். மீன்பிடிச் சாமான் கடையில் மெல்லிய தங்கூசி (நைலோன் நூல்) கிடைக்கும், ஒன்றரை மீற்றர் வெட்டினால் முடிச்சுகளுக்கும் காணும். மணிகளை முதலில் எண்ணுங்கள்: 53 சின்னது, 6 பெரியது, மொத்தம் 59. வட்டத்தில் பத்து, பெரியது, பத்து, பெரியது என்று போய் ஐந்தாவது பத்தோடு பதக்கத்துக்குத் திரும்பவேண்டும். வட்டத்துக்குள் பெரிய மணி நான்குதான் வரும். வாலில் பெரியது, மூன்று சின்னது, பெரியது, பிறகு பாடுபட்ட சுரூபம் (சிலுவை). தங்கூசி வழுக்கும், ஒற்றை முடிச்சு நிற்காது. மூன்று முறை சுற்றி இறுக்கி, நுனியை நெருப்புக்குச்சியால் இலேசாகச் சுட்டு உருண்டையாக்குங்கள். மணி பிளாஸ்டிக் என்றால் சுவாலை படாமல் கவனம்.

இனி ஒருசந்தி. சட்டம் நீங்கள் நினைப்பதைவிட இலேசானது. ஒருசந்தி கட்டாயமான நாட்கள் இரண்டுதான்: விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது நிரம்பியவரிலிருந்து 59 நிரம்பும்வரை. இறைச்சி விலக்குகிற சுத்தபோசனம் 14 வயது நிரம்பியதும் தொடங்கும், அதற்கு மேல் வயது வரம்பு இல்லை. தவக்கால வெள்ளிகளில் அதைக் கடைப்பிடிக்கிறோம். முட்டை, பால், தயிர் தடையில்லை. பெருவிழா ஒன்று வெள்ளியில் விழுந்தால் சுத்தபோசனம் இல்லை: 2022 இல் மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள், வெள்ளிக்கிழமைதான் வந்தது. ஒருசந்தி என்றால் வயிறாரச் சாப்பாடு ஒரு நேரம். மற்ற இரண்டு நேரமும் சிறிதளவு, இரண்டையும் கூட்டினாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகக்கூடாது. காலையில் இரண்டு துண்டு பாண், இரவில் ஒரு கோப்பை கஞ்சி என்றால் கணக்கு சரி. தண்ணீருக்கு மட்டு இல்லை. பெரிய வெள்ளியன்று வெயிலில் சிலுவைப்பாதை நடந்து, மூன்று மணி வழிபாட்டில் மயங்கி விழுகிறவர்கள் பசியால் விழுவதைவிடத் தண்ணீர் குடிக்காமல் விழுவதுதான் அதிகம். முழுச் சாப்பாட்டை நண்பகலுக்கே வையுங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஒருசந்தி பிடிக்கத் தேவையில்லை. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது தவம் இல்லை, ஆபத்து.

நம் ஊரில் ஒரு சங்கடம். கோழி வேண்டாம் என்றுவிட்டு நண்டுக்கறி, இறால் பொரியல், கணவாய்ப் பிரட்டல். சட்டப்படி குற்றம் இல்லை, மீன்வகை இறைச்சிக்குள் வராது. ஆனால் வியாழனைவிட வெள்ளிக்கிழமைச் செலவு கூடுகிறது என்றால் அது என்ன சுத்தபோசனம்? பருப்பும் கீரையும், இல்லையென்றால் சூடையோ சாளையோ. மிஞ்சுகிற காசை அன்றைக்கே தவக்கால உண்டியலில் போடுங்கள். கடைசிக் கிழமையில் மொத்தமாகப் போடலாம் என்று விட்டால் மின்சார பில் முந்திக்கொள்ளும்.

2025 இல் நடந்தமாதிரி ரமழானும் தவக்காலமும் சேர்ந்து வந்தால், பக்கத்து வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் நோன்புக் கஞ்சி வரும், அதில் அநேகமாக இறைச்சி கிடக்கும். திருப்பி அனுப்பாதீர்கள். அதைவிடப் பெரிய பிழை வேறில்லை. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அன்றைக்கே குடிக்கலாம். மிச்சத்தைக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஃப்ரிஜ்ஜில் வைத்துச் சனிக்கிழமை குடியுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த கஞ்சியை வெளியே வைத்தால் இந்த வெக்கைக்கு விடியமுன் புளித்துவிடும்.

கேள்விக்கு வெளியே ஒன்று, சொல்லாமல் விட மனமில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரியூசன் வைக்கிறவர்களுக்கு என்ன அவசரம்? பூசை, மறைக்கல்வி இரண்டும் அந்த நேரத்தில்தான் என்று ஊருக்கே தெரியும். கேட்டால் "மண்டபம் அப்போதுதான் கிடைக்கிறது" என்பார்கள். பெற்றோரும் சளைத்தவர்கள் இல்லை, புலமைப்பரிசில் முடியட்டும், ஓ.எல். முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, பிள்ளை உறுதிப்பூசுதலுக்கு வரும்போது விசுவாசப் பிரமாணம் முழுதாகத் தெரியாது. வகுப்பு நேரத்தை உங்களால் மாற்ற முடியாவிட்டால் சனிக்கிழமை மாலைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் மாலைப் பூசையும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும். மறைக்கல்விக்கு ஈடு இல்லை, அதற்குப் பங்குத்தந்தையிடம் தனியாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். வகுப்பு விட்டு நேரே கோவிலுக்கு வருகிற பிள்ளை பசியோடு வரும். நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர்தான் சாப்பாட்டை நிறுத்தவேண்டும், பூசை தொடங்குவதற்கு முன்னர் அல்ல. ஆறு மணிப் பூசைக்கு ஐந்தேகாலுக்கு ஒரு ரோல்ஸ் சாப்பிட்டு முடித்தால் நேரம் சரிவரும். தண்ணீரும் மருந்தும் எந்த நேரத்திலும் எடுக்கலாம்.