ஹைட்ரஜன் விபத்துகள் ஏன் நடக்கின்றன, அவற்றிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?

வாயுவின் இயல்பு பாதிக் காரணம்தான். காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஹைட்ரஜன் தீப்பற்றும். 0.02 மில்லிஜூல் ஆற்றலே போதும். உடையில் சேரும் நிலைமின்சாரப் பொறி அதைவிட வலியது. பகலில் ஹைட்ரஜனின் சுடர் கண்ணுக்குத் தெரிவதே அரிது.

மீதிக் காரணம் நம் கவனக்குறைவு. 2019 மே 23 அன்று தென்கொரியாவின் காங்னூங் நகரில் ஹைட்ரஜன் தொட்டிகள் வெடித்து இருவர் உயிரிழந்தனர். நீரை மின்னாற்பகுத்து, அதாவது மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து, எடுத்த ஹைட்ரஜனில் ஆக்சிஜன் வெடிக்கும் அளவுக்குக் கலந்திருந்தது. மின்னாற்பகுப்பில் மின்னோட்டம் குறைந்தால் ஹைட்ரஜன் உற்பத்தியும் குறையும். அதனால் இரு வாயுக்களையும் பிரித்து வைக்கும் சவ்வைத் தாண்டிக் கசியும் ஆக்சிஜனின் பங்கு கூடிவிடும். ஆகவே தொட்டிக்குப் போகும் குழாயிலேயே ஆக்சிஜனை அளந்து, வரம்பு மீறினால் உற்பத்தியைத் தானாக நிறுத்தும் கருவி கட்டாயம் வேண்டும். செலவைக் காட்டி இதைத் தவிர்ப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

அதே ஆண்டு ஜூன் 10 அன்று நார்வேயின் சான்விகாவில் ஹைட்ரஜன் எரிபொருள் நிலையம் ஒன்று வெடித்தது. உயரழுத்தத் தொட்டியின் மூடியில் சில போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படவில்லை. அவ்வளவுதான்!

ஹைட்ரஜன் காற்றைவிட ஏறத்தாழ 14 மடங்கு லேசானது என்பதால் திறந்தவெளியில் வேகமாக மேலேறிக் கலைந்துவிடும். கூரைக்கு அடியில் தேங்கினால் ஆபத்து அதிகம். கசிவைக் கண்டறியும் உணரிகளும் காற்றுவழிகளும் அங்கேதான் இருக்க வேண்டும். கசிவு எரிந்துகொண்டிருந்தால் முதலில் வால்வை மூடுங்கள். வாயுவை நிறுத்தாமல் தீயை மட்டும் அணைத்தால், எரியாத ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கக்கூடும்.